ஆற்றை யாரும் மூடவில்லை

மலைப்பாதையின் வாயிலில் நட்டிருந்த பலகையின் வாசகத்தைத் தட்டச்சு செய்தது தன் கணவர்தான் என்று வேன்காரிக்குத் தெரியவந்தபோது, அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவள் பாலைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தாள்.

“‘நிரந்தரமாக’ங்கற வார்த்தை உங்களோடதா?”

“என்னோடது எங்க? மேலேர்ந்து எழுதிக் குடுத்தாங்க, நான் அடிச்சுக் குடுத்தேன். அதுக்கு மேல எனக்கு என்ன தெரியும்?”

“விரல் உங்க விரல்தானே?”

அவர் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். சாலைத் துறை அலுவலகத்தில் அவர் குமாஸ்தா. நல்ல மனிதர். ஆனால் ‘நமக்கு ஏன் வம்பு’ என்பதைக் காலையில் பல் துலக்கும்போதே ஒருமுறை தனக்குச் சொல்லிக்கொண்டுதான் நாளைத் தொடங்குவார். மேலதிகாரி தும்மினால் இவர் கைக்குட்டையை எடுப்பார் என்று அவருடைய தங்கையே கேலி செய்வாள்.

“பாதை நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது. பொதுமக்கள் நலன் கருதி யாரும் பயன்படுத்தக் கூடாது.” பலகையில் இருந்தது அவ்வளவுதான். போன மழைக்காலத்தில் மலை சரிந்து, பாதையின் ஒரு வளைவு மண்ணுக்குள் போனது. நல்ல நீளத்துக்குப் பாறைகள் வந்து உட்கார்ந்துகொண்டன. மேலே மலைக்குடியிருப்பில் இருந்தவர்கள் இன்று சரிசெய்வார்கள், நாளை சரிசெய்வார்கள் என்று காத்திருந்தார்கள். வந்தது பலகைதான். கூடவே, கீழே சமவெளியில் தகரக் கூரை போட்ட வீடுகள் தருகிறோம், எல்லோரும் இறங்கி வந்துவிடுங்கள் என்று ஓர் ஆலோசனையும் வந்தது. மேலே தோட்டம், மாடு, வருடம் முழுவதும் வற்றாத ஊற்று என்று எல்லாம் இருக்க, தகரத்துக்கு அடியில் வேகப் போவானேன் என்று அவர்கள் இறங்கவில்லை.

வேன்காரி கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் பாதையில் பள்ளி வேன் ஓட்டியவள். எந்த வீட்டுப் பிள்ளை காலையில் அழும், எது வண்டி ஏறியதும் தூங்கும், எது கடைசி வளைவில் வாந்தி எடுக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இப்போது வேன் தகரக் கொட்டகைக்குள் நின்றது. பிள்ளைகள் மலைமேல் புத்தகத்தைத் திறந்து பார்த்து மூடிக்கொண்டிருந்தார்கள். நகரத்துக்குள் ஓட்ட வேறொரு பள்ளியில் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கணவர் கேட்டதற்கு, “எனக்குன்னு ஒரு ரோடு இருக்கு” என்றாள்.

அந்தப் பேச்சுகூட வீம்புதான். அதை வேறாக மாற்றியது தையல்காரரின் கால்.

மலைக்குடியிருப்பின் ஒரே தையல்காரர் அவர். கூரை ஒழுகுகிறதென்று ஏணி வைத்து ஏறியவர் ஏணியோடு சேர்ந்து சாய்ந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. படுக்கவைத்துத் தூக்க ஒன்றும் இல்லாமல், அவர் வீட்டுக் கதவையே கழற்றி அதில் கிடத்தி, நான்கு பேர் ஒற்றையடிப் பாதை வழியாக இறக்கினார்கள். காலையில் புறப்பட்டவர்கள் அடிவாரத்துக்கு வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருந்தது. அங்கிருந்து மருத்துவமனைக்கு வேனில் கொண்டுபோனவள் இவள்தான். பின்னால் படுத்திருந்தவர் வலியில் பல்லைக் கடித்தபடியே சொன்னார்:

“தங்கச்சி, அந்தக் கதவைத் திருப்பி அனுப்பச் சொல்லு. வீடு திறந்து கிடக்கு.”

காலை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று மருத்துவர் யாரையும் குறை சொல்லாமல்தான் சொன்னார். வேன்காரி மருத்துவமனைப் படிக்கட்டில் உட்கார்ந்து அழவில்லை. எழுந்து நேராக ஆற்றங்கரைக்குப் போனாள்.

மலைக்குடியிருப்புக்குப் பக்கத்தில் பிறக்கும் அந்த ஆறு, ஊரின் ஓரமாகத்தான் ஓடியது. வருடத்தில் முக்கால்வாசி நாள் பாறைக்கும் கூழாங்கல்லுக்கும் நடுவே சோம்பலாக நெளியும். அடுத்த விடுமுறை நாளில் அவள் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஆற்றின் போக்கிலேயே மேலே வரைக்கும் நடந்து பார்த்தாள். காய்கறி வாங்கப் போயிருக்கிறாள் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பு வரை நனைந்து, ஒரு காய்கூட இல்லாமல் திரும்பி வந்தவள் சொன்னது இதுதான்: “வேன் ஏறாது. ஆனா வயிறு உசரமா, நாலு சக்கரமும் இழுக்கற மாதிரி ஒண்ணு இருந்தா, ஏறும்.”

“அப்படி ஒண்ணு எங்க இருக்கு?” என்றார் கணவர்.

“இல்லன்னா செஞ்சுக்க வேண்டியதுதான்.”

மாவு மில்லுக்குப் பின்னால் ஒரு பழைய லாரி நின்றுகொண்டிருந்தது. நீண்ட மூக்கும் உருண்டையான இரண்டு விளக்குகளுமாக, எதையோ கேட்டுத் திகைத்துப்போன முகம். மில்காரரின் அப்பா காலத்தில் மூட்டை சுமந்த வண்டி. மரத்தாலான பின்பகுதி மக்கிப்போய்விட்டது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. இரும்பு மட்டும் இந்தக் காலத்து இரும்பாக இல்லை. சுத்தியலால் தட்டினால் கோயில் மணி மாதிரி கேட்டது.

“எடுத்துட்டுப் போறதா இருந்தா கோழியையும் சேர்த்து எடுத்துட்டுப் போம்மா,” என்றார் மில்காரர். “ரெண்டும் எனக்கு இடைஞ்சல்தான்.”

அவள் டீசல் தொட்டியைக் கழுவினாள். குழாய்களில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றினாள். புது பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்பினாள். லாரி இருமியது. மறுபடி இருமியது. பிறகு மில்லின் வெள்ளைச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குக் கரியைத் துப்பிவிட்டு, தடதடவென ஓட ஆரம்பித்தது. மில்காரர் சுவரைப் பார்த்து வாயைத் திறந்தார். அதற்குள் அவள் கியரைப் போட்டுவிட்டாள்.

இனிதான் கஷ்டமான வேலை. நாத்தனாரிடம் போக வேண்டும்.

கணவரின் தங்கை இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்யும் பட்டறை வைத்திருந்தாள். ஊரில் அவளுக்குப் பெயர் கிரில்காரி. வெல்டிங்கில் அவள் கைக்கு ஈடு கிடையாது. வாய்க்கும் கிடையாது. அண்ணன் வீட்டுக்கு அவள் செய்து கொடுத்த கேட்டில் வேன் ஒருநாள் உரசிவிட்டது. கேட் கோணல் என்றாள் அண்ணி. ஓட்டினவள் கோணல் என்றாள் நாத்தனார். அன்றோடு பேச்சு நின்றது. நல்லது கெட்டதுக்குப் பார்த்தால்கூட இரண்டு பேரும் நடுவில் இருக்கிற மனிதரிடம்தான் பேசுவார்கள். அவர் தபால்காரர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டிருப்பார்.

லாரி பட்டறை வாசலில் வந்து நின்றதும் கிரில்காரி முகமூடியைத் தூக்கிப் பார்த்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து அடிச்சட்டத்தைப் பார்த்தாள்.

“சேசிஸ் நல்லா இருக்கு,” என்றாள், வண்டியிடம் சொல்வது போல.

“நாலு சக்கரமும் இழுக்கணும். ஆத்துல ஏறணும்,” என்றாள் வேன்காரி, அவளும் வண்டியிடமே.

“ஆத்துலயா?”

“ஆத்துலதான்.”

கிரில்காரி கையுறையைக் கழற்றினாள். “யாரும் ஏறக் கூடாதுன்னு எங்க அண்ணன் அடிச்சுக் குடுத்த இடத்துக்கா?”

“ஆமா.”

“அப்ப உள்ள கொண்டு வாங்க அண்ணி. வாசல்ல ஏன் நிக்கறீங்க?”

சமாதானம் என்று எதுவும் பேசிக்கொள்ளவில்லை. சண்டை போட வேறு விஷயம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

வண்டியின் பின்னால் வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்த சேசிஸை முதலில் அறுத்து எறிந்தார்கள். மேடேறும்போது அது தரையில் இடிக்கும். பழைய இரும்புக் கடையில் கவிழ்ந்து கிடந்த ஒரு பட்டாளத்து வண்டியிலிருந்து, இஞ்சினின் இழுவையை முன்சக்கரத்துக்கும் கொடுக்கிற ஆக்ஸிலையும் அதற்கான கூடுதல் கியர் பெட்டியையும், கம்பிவடத்தைச் சுற்றி வண்டியை இழுக்கிற விஞ்சையும் கழற்றி வந்தார்கள். அந்த ஆக்ஸில் இந்த லாரிக்குப் பொருந்தவே பொருந்தாது என்று கடைக்காரர் தலையில் அடித்துச் சொன்னார். “பொருந்தலன்னா பொருந்த வைக்கறதுக்குத்தானே நான் இருக்கேன்?” என்றாள் கிரில்காரி. ஸ்பிரிங் பட்டைகளை ஆக்ஸிலுக்குக் கீழேயிருந்து எடுத்து மேலே வைத்துக் கட்டினார்கள். வண்டி எழுந்து நின்றது. இஞ்சின் மூச்சு விடும் குழாயைக் கூரைக்கு மேல் வரை கொண்டுபோனார்கள். மூக்குக்கு மேல் தண்ணீர் வந்தாலும் அது மூச்சுத் திணறக் கூடாது.

மருத்துவமனையிலிருந்து வந்து ஊரில் தன் அக்கா வீட்டில் தங்கியிருந்த தையல்காரர், கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு ஒருநாள் பட்டறைக்கு வந்தார். சும்மா பார்க்க வந்தவர் மாதிரி ஒரு மூலையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, “பின்னாடி உக்கார்றவங்க தலைக்கு மேல என்ன?” என்று கேட்டார்.

“தார்ப்பாய் ஏதாவது கட்டிக்கலாம்.”

“கட்டிக்கலாமா? மூட்டையா கட்டறதுக்கு? பிள்ளைங்க உக்காரப் போவுது. அளவெடுங்க.”

மறுநாள் அவருடைய தையல் இயந்திரம் பட்டறைக்கு வந்துவிட்டது. மிதிக்க ஒரு கால் போதும் என்று அன்றுதான் அவர் கண்டுகொண்டார். கூடாரம் தைத்தார், இருக்கைகளுக்கு உறை தைத்தார். வண்டியின் மூக்கை மூட, ஒரு பெரிய கித்தான் துணியும் தைத்தார். ஆழமான தண்ணீரில் இறங்கும்போது அதை முன்னால் கட்டிவிட்டால், நீர் விலகி ஓடும், உள்ளே அடிக்காது. “ஊர்ல எல்லாருக்கும் தைச்சேன்,” என்றார், “லாரிக்கு ஜட்டி தைக்கறது இதுதான் முதல் தடவை.”

முதல் ஓட்டத்தை ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரியில் வைத்தார்கள். யாருக்கும் சொல்லவில்லை, அதனால் ஊரே வந்திருந்தது. வேன்காரி கீழ் கியரில் போட்டு மேட்டில் ஏற்றினாள். பாதி தூரம் வண்டி ஆடு மாதிரி ஏறியது. பிறகு அடியிலிருந்து ஒரு நடுக்கம் வந்தது. இருக்கை அதிர்ந்தது, கண்ணாடி அதிர்ந்தது, அவள் பல் அதிர்ந்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் நீளத் தண்டு இரண்டாக முறிந்து, ஒரு துண்டு உருண்டு போய், வேடிக்கை பார்த்தவர்களின் காலடியில் நின்றது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. “யானைக்கும் தவளைக்கும் பொறந்தது” என்று யாரோ வண்டிக்குப் பெயர் வைத்தார்கள். வேன்காரியின் முகம் காது வரை சிவந்தது. இறங்கி வந்து, அந்தத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சிரித்தவர்களின் நடுவிலேயே நடந்தாள். யாரும் சொல்லாமலே வழி விட்டார்கள்.

“இன்னும் உசத்து, இன்னும் உசத்துன்னு யார் சொன்னது?” என்று ஆரம்பித்தாள் கிரில்காரி.

“உசத்தினது யாரு?”

“சொன்னதைத்தானே செஞ்சேன்?”

“இப்படித்தான் எங்க வீட்டுலயும் ஒருத்தர் சொன்னாரு!”

கிரில்காரி கையுறையை மாட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார்கள். வண்டியை உயர்த்தியதில் தண்டின் சாய்வு கூடிப்போயிருந்தது. மூட்டு அந்தக் கோணத்தில் சுற்ற முடியாமல் திணறித்தான் முறிந்திருக்கிறது. தண்டை மட்டும் மாற்றினால் மறுபடி முறியும். ஆக்ஸிலின் முகத்தையே கொஞ்சம் மேல்நோக்கித் திருப்ப வேண்டும். ஆப்பு வடிவத்தில் இரும்புத் துண்டுகள் அறுத்து, பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே வைத்து இறுக்கினார்கள். முதல் ஆப்பு போதவில்லை. அடுத்தது அதிகமாகிவிட்டது. அதற்கும் ஒரு சண்டை நடந்தது. கடைசியில் வண்டி குவாரி மேட்டில் ஏறி உச்சியில் நின்றபோது, சிரிக்க யாரும் வரவில்லை. பரவாயில்லை என்று இரண்டு பேரும் தாங்களே கைதட்டிக்கொண்டார்கள்.

செய்தி அலுவலகத்துக்கும் போயிற்று. ஒருநாள் சாலைத் துறைப் பொறியாளர் ஜீப்பில் பட்டறைக்கு வந்து இறங்கினார். பின்னாலேயே கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு, முகத்தில் ஈயாடாமல் குமாஸ்தாவும் இறங்கினார். மனைவியைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த ஒரு நட்டை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொறியாளர் கெட்டவர் இல்லை. சட்டைக்கையை மடித்துக்கொண்டு குனிந்து அடியில் பார்த்தார். வெல்டிங்கை விரலால் தடவினார். “நல்லா பண்ணியிருக்கீங்க,” என்றார் மனதார. பிறகு நிமிர்ந்து, “ஆனா இதை மேல ஓட்ட முடியாதும்மா. பாதை மூடியாச்சு.”

“பாதையைத்தானே சார் மூடியிருக்கீங்க?” என்றாள் வேன்காரி. “ஆத்தை யாரும் மூடலையே.”

குமாஸ்தாவின் கையிலிருந்து கோப்பு நழுவி விழுந்தது. தையல் இயந்திரம் ஓடுவதை நிறுத்தியது.

பொறியாளர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு போய்விட்டது. “ஆத்தை மூடற அதிகாரம் எனக்கு இல்ல. ஆனா இப்படி மாத்தின வண்டிக்கு அனுமதி இல்ல. பார்த்தா பிடிச்சு வைக்கணும். அது என் வேலை.”

“பிடிங்க சார். அது உங்க வேலை. ஏத்தறது என் வேலை. தையல்காரரோட கால் இருந்த வரைக்கும் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

தையல்காரர் கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பொறியாளர் அவரைப் பார்த்தார். ஜீப்பில் ஏறப் போனவர் ஒரு காலைப் படியில் வைத்தபடி திரும்பினார்.

“பிளந்த பாறைக்கு முன்னாடி ஒரு வளைவு வரும். இடது கரையோரம் தண்ணி குறைவா தெரியும். அங்க போகாதீங்க. சரிஞ்ச மண்ணு பூரா அங்கதான் வந்து தங்கியிருக்கு. மேல மணல், உள்ள சேறு. லாரியையே முழுங்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “நான் எதுவும் சொல்லல,” என்றார்.

“நாங்களும் எதுவும் கேக்கல,” என்றாள் கிரில்காரி.

அந்த வாரமே புறப்பட்டார்கள். நல்ல வெயில். வண்டியில் மாவு மூட்டைகளும் மருந்துப் பெட்டியும் பள்ளிப் பாடப்புத்தகங்களும் ஏற்றியிருந்தார்கள். தையல்காரரை இரண்டாம் தடவை கூட்டிப் போகிறோம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை.

“ஒத்தைக் கால்ல நிக்கறேன் தங்கச்சி. இனிமே எனக்கு அது ஒண்ணுதான் வழி. கதவுல இறங்கினவன், வண்டியிலதான் ஏறுவேன்.”

ஆற்றில் இறங்கும் இடத்தில் ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தார். அலுவலகச் சட்டையை உள்ளே விட்டு, கால்சட்டையை முழங்கால் வரை மடித்து, செருப்பைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கையில் ஆழம் பார்க்கிற சிவப்பு வெள்ளைக் கோல், துறைக்குச் சொந்தமானது. வேன்காரி வண்டியை நிறுத்தினாள்.

“லீவு போட்டீங்களா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“போடல. போகல. அவ்வளவுதான்.”  அவர் அவளை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். “சார் சொன்ன இடம் எதுன்னு எனக்குத்தான் தெரியும். அந்த வரைபடத்தைப் பிரதி எடுத்தவன் நான். நான் முன்னாடி போறேன், நீ பின்னாடி வா.”

அவர் கோலை ஊன்றி ஊன்றி முன்னே நடந்தார். வண்டி கீழ் கியரில் உறுமிக்கொண்டே அவரைத் தொடர்ந்தது. பாறைகள் சக்கரத்தின் கீழ் புரண்டு முனகின. ஒரு சக்கரம் ஏறும்போது மறு சக்கரம் இறங்கியது. வண்டியின் முதுகெலும்பு முறுக்கிக்கொண்டது, முறியவில்லை. பின்னாலிருந்து தையல்காரரின் குரல் விடாமல் வந்தது: “மெதுவா! மாவு மேல விழறது நான்! என் மேல விழறது மாவு!”

எதிரே பிளந்த பாறை தெரிந்தது. இடது கரையில் வெயில் பட்ட மணல், வாவென்று கூப்பிடுவது போல மின்னியது. குமாஸ்தா கோலை அதில் குத்தினார். கோல் இறங்கிக்கொண்டே போனது. வலது பக்கம் ஆழமும் பெரிய பாறைகளும். வேன்காரி இறங்கிக் கித்தானை மூக்கில் இழுத்துக் கட்டினாள். விசிறியின் பட்டையைக் கழற்றினாள். இல்லாவிட்டால் அது தண்ணீரை இஞ்சின் முழுக்க வாரி அடிக்கும். பிறகு ஏறி உட்கார்ந்து, மூச்சை இழுத்துக்கொண்டு, வலது பக்கம் திருப்பினாள்.

தண்ணீர் கதவின் கீழ் வழியாக உள்ளே வந்து அவள் பாதத்தை நனைத்தது. முன்சக்கரம் ஒரு பாறையில் ஏறியது. அதே நேரம் பின்சக்கரம் ஒரு குழிக்குள் நழுவி, வண்டி பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. மிதித்தாள். ஒரு சக்கரம் மட்டும் காற்றில் வெறுமனே சுற்றியது. தையல்காரர் மாவு மூட்டையை இறுகக் கட்டிக்கொண்டார்.

“விஞ்ச்!” என்று கத்தியபடி கிரில்காரி இடுப்பளவு நீரில் குதித்தாள். வடத்தைக் கட்டக் கரையில் மரம் எட்டவில்லை. பிளந்த பாறைதான் இருந்தது, ஆனால் நடுவில் கழுத்தளவு ஓட்டம். அவள் வடத்தின் கொக்கியை எடுத்துத் திரும்புவதற்குள், கோலைப் போட்டுவிட்டு அண்ணன் அதை வாங்கிக்கொண்டார்.

“அண்ணா! உனக்கு நீச்சல் தெரியாது!”

“தெரியாதுன்னு தண்ணிக்குத் தெரியாது!”

அவர் இறங்கினார். ஒரு கணம் தலை மட்டும் தெரிந்தது. மறு கணம் அதுவும் தெரியவில்லை. வேன்காரியின் கை கதவுக்குப் போனது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி புரளும். எடுக்கவில்லையென்றால் அவர் போய்விடுவார். அந்தக் கணத்தில் அவள் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு பாதையைச் சபித்தாள். பிறகு பாறையின் மறுபக்கம், வடத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய ஓர் ஆள் எழுந்தார். வடத்தைப் பாறையின் பிளவில் சுற்றிக் கொக்கியை மாட்டினார். இருமினார். கையை உயர்த்தினார்.

வடம் அறுந்தால் சாட்டையாகச் சுழன்று ஆளை வெட்டும். கிரில்காரி ஒரு நனைந்த சாக்கை அதன்மேல் போட்டுவிட்டு விலகி நின்றாள். வேன்காரி விஞ்சின் நெம்புகோலை இழுத்தாள். வடம் விறைத்தது. லாரி முனகியது, அசைந்தது, குழியின் விளிம்பைச் சக்கரம் கவ்விப் பிடித்தது. பிறகு ஒரே உலுக்கலில் மேலே வந்துவிட்டது.

கரையில் ஏற்றி நிறுத்திய பிறகுதான் அவள் இறங்கி அவரிடம் போனாள். கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று கிரில்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உங்களுக்கு அறிவிருக்கா?” என்றாள் வேன்காரி. பிறகு தன் தலைத்துண்டால் அவர் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மலைக்குடியிருப்பில் வண்டியைப் பார்ப்பதற்கு வெகு முன்பே அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டார்கள். ஆற்றின் ஓரம் முழுக்க ஆட்கள். பிள்ளைகள் தண்ணீருக்குள்ளேயே ஓடி வந்தார்கள். வேன்காரி ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. தையல்காரரை நான்கு பேர் தூக்க வந்தார்கள். அவர் கட்டையால் எல்லோரையும் விரட்டிவிட்டுத் தானே நடந்து போனார். வீட்டு வாசலில் போய் நின்றவர் குனிந்து கதவைத் தடவினார். எல்லோரும் அவர் அழுகிறார் என்று நினைத்தார்கள்.

“எந்த அறிவாளிடா கதவைத் தலைகீழா மாட்டினது?” என்றார்.

இறங்கி வந்தபோது அடிவாரத்தில் ஜீப் காத்திருந்தது. பொறியாளர் சொன்னதைச் செய்தார். வண்டியைத் துறையின் வளாகத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பூட்டிவிட்டார்கள்.

மறுநாள் மலைக்குடியிருப்பு மொத்தமும் நடந்தே இறங்கி வந்தது. கூச்சல் போடவில்லை, கல்லெறியவில்லை. பிள்ளைகளைப் பையோடு அலுவலகத் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார வைத்தார்கள். “பள்ளிக்கூடம் போக வழியில்ல சார். அதனால இங்கயே படிக்கறோம்,” என்றாள் வேன்காரி. பிள்ளைகள் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்கள். தொலைபேசி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை. பதினாறாம் வாய்ப்பாட்டில் ஒரு பையன் தடுமாறியபோது, உள்ளே மேசையில் இருந்த குமாஸ்தா எழுந்து வந்து, அவனுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கூடவே சொல்லிக்கொடுத்தார். மேலதிகாரி அறை வாசலில் வந்து நின்று பார்த்தார். இவர் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரம் முழுக்க வாய்ப்பாடு ஓயவில்லை. கடைசியில் வாகன ஆய்வாளர் வந்தார். பிரேக்கைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார். எதிலும் குறை இல்லை. ஆனால் இது லாரியா, ஜீப்பா, டிராக்டரா, எந்த வகையில் சேர்ப்பது என்று குழம்பினார். “ஏறற வகையில சேருங்க சார்,” என்றாள் கிரில்காரி. அப்படி ஒரு வகை இல்லை. ஆகவே ‘சோதனை ஓட்டம்’ என்று அனுமதி கொடுத்தார்கள். சோதனை எப்போது முடியும் என்று யாரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள், நனைந்த காலோடு, தொண்டை வறளக் கத்திக்கொண்டு, தினமும். குமாஸ்தாவைத் தண்டனையாகச் சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே மேலதிகாரி யாரும் எட்டிப் பார்ப்பதில்லை என்பதால் அவர் வாழ்க்கையில் முதல்முறையாக நிம்மதியாக வேலைக்குப் போனார்.

பிறகு மழை வந்தது. ஆறு கரை முட்டிப் புரண்டது. எவ்வளவு உயரமான வண்டியாக இருந்தாலும் அதில் இறங்க முடியாது என்பது வேன்காரிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஊரில் சிலர், “இனி என்ன செய்வா?” என்று ஆவலாகவே கேட்டுக்கொண்டார்கள். இரண்டு நாள் கரையில் நின்று தண்ணீரை முறைத்துக்கொண்டிருந்தாள். மழை சற்று விட்ட காலையில் லாரியைக் கிளப்பி, ஆற்றுக்குப் போகாமல், மலைப்பாதையில் ஏற்றி, பாறைகள் குவிந்த இடத்தில் கொண்டுபோய் மூக்கை முட்டி நிறுத்தினாள்.

மேலேயிருந்தும் ஆட்கள் மறுபக்கமாக மண்வெட்டியோடு வந்துவிட்டிருந்தார்கள். குமாஸ்தா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். பின்னால் கடப்பாரைகள் கட்டியிருந்தன. “கிடங்குல சும்மா துருப்பிடிச்சுக் கிடக்கு,” என்றார். “ரோடு போடத்தானே வாங்கினாங்க?”

கிரில்காரி சங்கிலியை எடுத்துக்கொண்டு பாறைகளை ஏற இறங்கப் பார்த்தாள். “இதெல்லாம் எடுக்க வருஷம் ஆகும் அண்ணி.”

“ஆகட்டும்.”

“சின்னதா ஒண்ணுலேர்ந்து ஆரம்பிப்போம்.”

“வேணாம். அதோ, அந்தப் பெரிசு.”

“அது நகராது.”

“சங்கிலியைப் போடு.”

“சொன்னா கேக்கறதே இல்ல,” என்று முனகிக்கொண்டே கிரில்காரி சங்கிலியைச் சுற்றினாள். வேன்காரி நெம்புகோலை இழுத்தாள். வடம் விறைத்து நின்றது. சக்கரங்கள் மண்ணைத் தோண்டின. எதுவும் நகரவில்லை. அவள் விடவில்லை. பிறகு பாறைக்கு அடியிலிருந்து கூழாங்கற்கள் பொலபொலவென உதிர்ந்தன. பாறை ஒரு கையளவு முன்னால் வந்தது.

“பார்த்தியா?” என்றாள் வேன்காரி.